கண்மாய் நிறைந்தால் ஒருவருக்கு நெல், இன்னொருவருக்கு வெள்ளம்: திருப்பரங்குன்றம் வயல்வெளி கிராமங்களில் என்ன நடக்கிறது?

திருப்பரங்குன்றம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மலையும், அதைக் குடைந்து எழுப்பிய முருகன் கோயிலும்தான். செய்திகளில் வருவதும் அதுவே. ஆனால் மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைக் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். தனக்கன்குளம், வேடர்புளியங்குளம், வலையங்குளம், வடிவேல்கரை, மாடக்குளம். எல்லாமே தண்ணீர் சம்பந்தப்பட்ட பெயர்கள். குளம் இருந்ததால் ஊர் வந்தது, கரை இருந்ததால் குடியிருப்பு வந்தது.

இந்த ஊர்களில் இன்றும் நெல் விளைகிறது. மல்லிகை பறிக்கிறார்கள், மாடு வளர்க்கிறார்கள். அதே நேரத்தில், வயலுக்கு நடுவே கலர் கொடி கட்டிய மனைப் பிரிவுகளும், 'பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்ற விளம்பரப் பலகைகளும் நிற்கின்றன. ஒரே கண்மாயின் தண்ணீரை ஒருவர் "இன்னும் தேக்குங்கள்" என்கிறார், இன்னொருவர் "உடனே திறந்துவிடுங்கள்" என்கிறார். இரண்டு பேரும் சொல்வது அவரவர் வரையில் நியாயம்தான். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

மழை மூன்று மாதம், தேவை பன்னிரண்டு மாதம்

மதுரைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை கிடைக்கிறது. கேட்பதற்கு ஓரளவு நல்ல மழை போலத்தான் தெரியும். ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில நாள் மழையைப் பிடித்து வைக்கத் தெரிந்த ஊர் பிழைத்தது. பிடித்து வைக்கும் அந்த ஏற்பாட்டுக்குத்தான் பாண்டிய நாட்டில் கண்மாய் என்று பெயர். வட மாவட்டத்துக்காரர்கள் ஏரி என்பார்கள். தமிழ்நாட்டில் இப்படி 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் கணக்கில் உள்ளன.

கண்மாய் என்பது வெறும் பள்ளம் இல்லை. சரிவான நிலத்தில், தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே வளைவாகப் போட்ட மண் கரைதான் அதன் உயிர். மேலே இருந்து தண்ணீர் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். கரைக்கு அடியில் வயலுக்குத் தண்ணீர் விடுவது மடை. கொள்ளளவை மிஞ்சினால் கரை உடையாமல் உபரியை வெளியேற்றுவது கலுங்கு. கலுங்கில் தண்ணீர் வழிந்தால் 'மறுகால் போகுது' என்று ஊரே கரைக்கு வந்து பார்க்கும். அந்த மறுகால் தண்ணீர் வீணாவதில்லை. அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அதுவே வரத்து. இப்படி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சங்கிலி போலக் கண்மாய்கள் இருப்பதால்தான், மேலே ஓரிடத்தில் வாய்க்காலை அடைத்தால் கீழே மூன்று ஊர் தள்ளி இருப்பவருக்கு நாற்று காய்கிறது.

திருப்பரங்குன்றத்தை ஒட்டிய தென்கால் கண்மாயும், அதற்குத் தெற்கே நிலையூர்ப் பெரிய கண்மாயும் இந்தப் பகுதியின் முக்கியமான கண்மாய்கள். மழையை மட்டும் நம்பி இவை இல்லை. வைகையிலிருந்து பிரிந்து வரும் நிலையூர் கால்வாயும் இங்கே தண்ணீர் கொண்டுவருகிறது.

அணை நிறைந்தால் போதாதா?

போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓட வேண்டிய தண்ணீரைக் குகைப்பாதை வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியது. அந்தத் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்க ஆண்டிபட்டி அருகே 1959-ல் வந்தது வைகை அணை. அதன் முழு உயரம் 71 அடி. மதுரைக்காரர்கள் டீக்கடையில் விசாரிக்கும் முதல் எண் இதுதான்: "அணையில எத்தனை அடி?"

ஆனால் அணையின் தண்ணீர் ஒரே மாதிரி எல்லோருக்கும் வருவதில்லை. பெரியாறு பிரதான கால்வாய், பேரணையில் பிரிந்து வைகைக்கு வடக்கே மேலூர்ப் பக்கம் போகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பாசனப் பகுதி. நிலைமை சரியாக இருந்தால் ஜூனில் அங்கே முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். மேலூர், திருமங்கலம் பகுதிகளையும் சேர்த்து ஒருபோகப் பாசனம் 1,05,002 ஏக்கர். அதற்குச் செப்டம்பர் நடுவில். வைகைக்குத் தெற்கே நிலையூர் கால்வாயை நம்பியிருக்கும் ஊர்களுக்கு எப்போது, எத்தனை நாள் தண்ணீர் என்பது தனிக் கதை. அணையில் நீர் இருந்தும் கால்வாயில் திறக்கவில்லை என்று ஆட்சியர் அலுவலகத்தின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பது இங்கே ஒரு பருவகால வேலை மாதிரி ஆகிவிட்டது.

திறந்துவிட்ட தண்ணீரும் முழுதாக வந்து சேராது. கால்வாய் நகரத்தை ஒட்டி வரும்போது குப்பை, ஆகாயத்தாமரை, வீட்டுக் கழிவுநீர் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கடைமடைக்கு வருவது மிச்சம்தான்.

ஒரு வருடம் எப்படிப் போகிறது?

ஆடி, ஆவணியில் வானம் பார்ப்பது தொடங்கும். கண்மாயில் தண்ணீர் ஏறும் என்ற நம்பிக்கை வந்தவுடன் கிணறும் மோட்டாரும் உள்ளவர் முதலில் நாற்றங்கால் போடுவார். நாற்று 20 முதல் 25 நாளில் பிடுங்கும் பதத்துக்கு வரும். அதற்குள் கண்மாயில் தண்ணீர் வந்துவிட வேண்டும். இல்லையென்றால் நாற்று முற்றிவிடும், முற்றிய நாற்று நட்டால் தூர் கட்டாது. விதைத்த நாளுக்கும் தண்ணீர் வரும் நாளுக்கும் நடுவே இருக்கும் இந்த மூன்று வாரம்தான் விவசாயிக்குத் தூக்கம் கெடுகிற காலம்.

நடவு இன்னும் பெண்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு குழுவாகச் சேர்ந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி நட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறார்கள். அறுப்பு பெரும்பாலும் மிஷினுக்குப் போய்விட்டது. ஒரு மணி நேர வாடகை எவ்வளவு என்பதுதான் இப்போது கேள்வி. மழை பெய்து வயல் சேறாகிவிட்டால் டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிதான் இறங்கும். அதற்கு வாடகை கூடுதல்.

முன்பெல்லாம் மடை திறப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைப்பதும் நீர்பாய்ச்சியின் வேலை. சில ஊர்களில் மடையர், நீர்க்கட்டி என்றும் சொல்வார்கள். அறுவடையில் அவருக்கு நெல்லாகப் பங்கு உண்டு. தண்ணீர் குறைவான வருடத்தில் அவர் சொல்தான் சட்டம். இன்று பல கண்மாய்களில் அந்த ஆள் இல்லை. வயலுக்கு வயல் போர்வெல் வந்தபிறகு, கண்மாய் நிறைந்தால் என் கிணற்றில் ஊறும் என்ற அளவுக்குத்தான் சிலருக்குக் கண்மாயோடு உறவு. அப்படியானால் வாய்க்கால் தூர்வாரக் கூப்பிட்டால் யார் வருவார்?

அறுத்த நெல்லை விற்கும் இடம் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். மூட்டைக்கு 40 கிலோ கணக்கு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து மழை வரும். 2025-26 கொள்முதல் பருவத்துக்கு தமிழக அரசு ஊக்கத்தொகையோடு சேர்த்து அறிவித்த விலை, சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். ஏக்கருக்கு 24 குவிண்டால் சன்ன ரகம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 61,080 ரூபாய். இது வரவு மட்டும். உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு, வண்டி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். நான்கு மாத உழைப்புக்கு இது. எல்லாம் சரியாக அமைந்தால்!

நெல் மட்டும் இருந்தால் பல குடும்பங்கள் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருக்கும். கையில் காசு புரள வைப்பது பூ. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, இந்தத் திருப்பரங்குன்றம், வலையங்குளம் பக்கமும் விளைகிறது. நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், மல்லிக்கு நிற்கக் கூடாது. அதனால் மேட்டு நிலம் அதற்கு. விடியும் முன்பே தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மொட்டாகப் பறித்தாக வேண்டும், பூத்துவிட்டால் விலை போய்விடும். பறித்ததும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஓட்டம். கோடையில் செடி கொட்டிக் கொடுக்கும்போது கிலோ சில நூறுக்கு இறங்கும். மார்கழி, தை பனியில் விளைச்சல் சுருங்கும்போது அதே பூ ஆயிரக்கணக்கில் ஏறும். 'மல்லிகை விலை கிடுகிடு உயர்வு' என்று டிவியில் வரும் நாளில் பெரும்பாலான தோட்டங்களில் விற்கப் பூ இருக்காது என்பது அந்தச் செய்தியில் வராத பாதி.

மாடு என்றால் இப்போது பால் மாடு. உழவு மாடு டிராக்டருக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் காளை போகவில்லை. தை முதல் நாள் அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கும், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். அந்த ஒரு நாளுக்காக வருடம் முழுக்க பருத்திவிதையும் பேரீச்சையும் போட்டு வளர்க்கிறார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் தமுக்கம் மைதானம் நிரம்பியதும், 2023 மே மாதம் தமிழக அரசின் சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்த ஊர்களில் வீட்டு விசேஷம் மாதிரி தேதியோடு நினைவில் இருக்கிறது.

கண்மாயை நம்பி வயல் மட்டும் இல்லை. விளாச்சேரியில் மண் பொம்மை செய்யும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர் என்று பாடப் புத்தகத்தில் படித்த அதே விளாச்சேரிதான். நவராத்திரி கொலுவுக்கு வெளியூர், வெளிமாநிலம் வரை இங்கிருந்து பொம்மை போகிறது. அந்தக் களிமண் கண்மாயில்தான் கிடைக்க வேண்டும். கண்மாயில் கழிவுநீர் நின்றால் மண் கெடும். சுடும்போது வெடிக்கும். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்து அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். கண்மாயைக் காக்கக் கரையில் அய்யனாரை உட்கார வைப்பதும், அவருக்கு மண் குதிரை எடுப்பதும் இங்கே வழிவழியாக வந்த பழக்கம். சாமி, மண், தண்ணீர் மூன்றையும் ஒரே கணக்கில்தான் ஊர் வைத்திருந்தது.

ஜாவாவில் எப்படி?

நெல்லும் தண்ணீரும் ஊர்க் கட்டுப்பாடும் சேர்ந்த வாழ்க்கை நமக்கு மட்டும் உரியது இல்லை. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் எரிமலை மண், ஆண்டு முழுக்க ஓடும் ஓடைகள். பாசன வசதி உள்ள பல இடங்களில் வருடத்துக்கு இரண்டு, சில இடங்களில் மூன்று போகம் எடுக்கிறார்கள். அங்கேயும் ஊருக்கு ஒரு தண்ணீர்க்காரர் உண்டு, 'உலு-உலு' என்பார்கள். வயலுக்கு வயல் முறை வைப்பது அவர் பொறுப்பு. நம்ம ஊர் நீர்பாய்ச்சியை அங்கே கொண்டுபோய் விட்டால் வேலை தெரியாமல் நிற்கமாட்டார்.

வித்தியாசம் எங்கே என்றால், ஜாவாக்காரருக்குத் தண்ணீரைப் பங்கு வைப்பதுதான் பெரிய வேலை. திருப்பரங்குன்றத்துக்காரருக்கு அதற்கு முன்னாடியே தேக்கி வைக்கிற வேலை இருக்கிறது. தேக்குகிற இடம் போனால் பங்கு வைக்க எதுவும் இல்லை.

ஆனால் பிரச்னை இரண்டு பக்கமும் ஒன்றுதான்: வயல் வீடாகிறது. தீவில் மக்கள் நெருக்கம் அதிகம், தொழிற்சாலையும் குடியிருப்பும் நெல் வயலைத் தின்கின்றன என்பதால் இந்தோனேசியா 2009-லேயே உணவுப் பயிர் நிலங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பக்கத்துக் கேரளாவில் நெல் வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கானது. வைகைக் கரைக்கு அது பொருந்தாது. அந்தச் சட்டமும் ஹைட்ரோகார்பன் போன்ற திட்டங்களைத் தடுக்கத்தானே தவிர வீட்டுமனையைத் தடுக்க இல்லை.

வயல் மனையாகும்போது கண்மாய்க்கு என்ன ஆகிறது?

மேலே பார்த்த 61 ஆயிரம் ரூபாயைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். மதுரையின் தெற்குப் புறத்தில் ஒரு சென்ட் மனையின் விலையே லட்சங்களில் பேசப்படுகிறது. மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு என்று வந்து நிற்கும் விவசாயி நிலத்தை விற்றால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் தலைமுறையோடு அவர் கணக்கு முடிந்தது. கண்மாயின் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மதுரா மில் தொழிலாளர்களுக்காக உருவான ஹார்விபட்டி, பிறகு வந்த திருநகர் என்று இந்தப் பகுதியில் குடியிருப்புகள் வருவது புதிதல்ல. வேகம்தான் புதிது. 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது திருப்பரங்குன்றம், அவனியாபுரம் எல்லாம் உள்ளே வந்தன. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதும் சுற்று வட்டார நிலத்துக்குத் தனி மவுசு. விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து, 2024 நவம்பரில் சின்ன உடைப்பு கிராம மக்கள் மாற்று இடம் கேட்டுப் போராடியதும் நாடு பார்த்த செய்தி.

விவசாய நிலத்தைக் கண்டபடி மனையாக்குவதற்குத் தடை இல்லையா என்று கேட்கலாம். 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. பதிவுத் துறையே சில மாதம் திக்குமுக்காடியது. பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி ஏற்கெனவே விற்ற மனைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். அது வாங்கியவரைக் காப்பாற்றியது, சரி. வயலைக் காப்பாற்றியதா என்பது வேறு கேள்வி.

ஒரு கண்மாய்க்குக் கீழே பாசனம் பெறும் நிலத்துக்கு ஆயக்கட்டு என்று பெயர். இயற்கையாகவே அது கண்மாயைவிடப் பள்ளமான நிலம். தண்ணீர் தானாகப் பாய வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். இப்போது அதே பள்ளத்தில் மனை போட்டு வீடு கட்டினால்? மண்ணடித்து மேடாக்கிய தெருவில் பிரச்னை இருக்காது, பக்கத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர். மடையிலிருந்து வயலுக்குப் போன வாய்க்கால் தெருச் சாக்கடையாகிவிடும். மறுகால் போகும் ஓடை குறுகிவிடும். கண்மாய் நிறைந்து மறுகால் போனால் வயல்காரருக்குத் திருவிழா, காலனிக்காரருக்கு வீட்டுக்குள் தண்ணீர். 2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரை நகரின் வடக்கே செல்லூர்ப் பகுதி வெள்ளக்காடானதை மாநிலமே பார்த்தது. உயர் நீதிமன்றக் கிளை நிற்கும் இடத்தின் பெயரே உலகனேரி. தெற்கே இருக்கும் கிராமங்களுக்கு அவை எதிர்காலத்தின் முன்னோட்டம் மாதிரி.

அதனால் ஐப்பசி, கார்த்திகையில் அதிகாரிகளுக்கு இரண்டு பக்கமும் கோரிக்கை. ஷட்டரை மூடு, தண்ணீர் நிற்கட்டும் என்கிறது ஒரு தரப்பு. ஷட்டரைத் தூக்கு, வீடு மூழ்குகிறது என்கிறது இன்னொரு தரப்பு. ஒவ்வொரு வருடமும் ஆயக்கட்டு குறையக் குறைய முதல் தரப்பின் ஆள்பலம் குறைகிறது, இரண்டாம் தரப்பின் ஓட்டுப்பலம் கூடுகிறது. கண்மாயை முழுதாக நிரப்பாமல் விடுவதே 'பாதுகாப்பு' என்ற இடத்துக்கு நிர்வாகம் மெல்ல நகர்கிறது. அப்படிப் பாதி நிறைந்த கண்மாய் கோடையில் வறண்டுவிடும். உடனே நிலத்தடி நீர் இறங்கும், அதே காலனிவாசிகள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பார்கள். அக்டோபரில் யார் திறக்கச் சொன்னார்களோ அவர்களேதான்.

கண்மாய் யாருடையது?

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. பதிவேட்டில் உள்ள ஆயக்கட்டு பழைய அளவு. தரையில் உள்ளது வேறு. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது. பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்கச் சங்கம் அமைக்கும் சட்டம் 2000-ல் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் வந்து சில இடங்களில் கரை பலப்பட்டது, மடை மாறியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் ஆயக்கட்டு விவசாயிகளைச் சேர்த்துக் கண்மாய்களைச் சீரமைத்து வருகின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, கண்மாய்க்குக் கீழே விவசாயி இருக்க வேண்டும் என்பது. சங்கத்தில் உறுப்பினராக வயல் வேண்டும். மனை வாங்கியவருக்கு அதில் இடமில்லை, அவருக்கு ஆர்வமும் இல்லை.

ஊராட்சியா மாநகராட்சியா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மாநகராட்சியோடு இணைந்தால் சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை வரும் என்று ஒரு சாரார் எதிர்பார்க்கிறார்கள். ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று இன்னொரு சாரார் பயப்படுகிறார்கள். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கப் பல கிராமங்களில் இதற்காக எதிர்ப்புக் கிளம்பியது. ஊரக வேலைத் திட்டம்தான் பல ஊர்களில் வரத்துக் கால்வாயில் மண்வெட்டி விழும் ஒரே சந்தர்ப்பம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாதாளச் சாக்கடை முழுமையாக வராத புறநகரில் கழிவுநீர் போகும் இடம் எது? கண்மாய்தான். அவனியாபுரம் அருகே அயன்பாப்பாக்குடி கண்மாயிலிருந்து வெளியேறும் தண்ணீரில் வெள்ளை நுரை மலை மாதிரி பொங்கி, விமான நிலையம் போகும் வழியில் காற்றில் பறந்ததைச் சமீப ஆண்டுகளில் எல்லா சேனல்களும் காட்டின. அந்தத் தண்ணீரும் ஒரு வாய்க்காலில்தான் போகிறது, கீழே அதை நம்பியும் நாற்று இருக்கிறது.

தூர்வாருவதற்கு இப்போது ஒரு வழி கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. கண்மாய் வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் எடுக்க, தாசில்தார் அளவிலேயே அனுமதி கொடுக்கலாம் என்று 2024-ல் அரசு விதியைத் தளர்த்தியது. முன்பு இதற்கு மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டும். வண்டல் போன வயலில் உரச் செலவு குறையும், மண் எடுத்த கண்மாயில் கொள்ளளவு கூடும், விளாச்சேரிக்குக் களிமண்ணும் கிடைக்கும். கோடையில் கண்மாய் வறண்டிருக்கும் சில வாரங்கள்தான் இதற்குக் காலம். விண்ணப்பம் பங்குனிக்குள் போனால்தான் சித்திரை, வைகாசியில் வண்டி இறங்கும். ஆடிக்குப் பிறகு அனுமதி வந்தால் அது அடுத்த வருடத்துக்கு.